இறக்கும்போது மூன்று

முப்பத்தோரு வருடம்
உருக்காலைக் கூடத்தில், கூரைக்கு அடியில்,
கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.
பதினெட்டு டன் சுருளை
இரண்டு விரலால் தூக்கினேன்.
கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.
அங்கிருந்து யாருக்கும் என் தொப்பை தெரியவில்லை.

ஓய்வுபெற்ற ஆடியில்
குகை மாரியம்மன் பண்டிகை, மச்சான் வீட்டு விருந்து.
பாய் விரித்துப் பந்தி.
ரசம் வரை எல்லாம் சரியாக இருந்தது.
மோர் குடித்து எழப்போனேன்.
எழவில்லை.
இடது கை தரையைத் தேடியது, வலது கையில் எச்சில்.
இலையெடுக்க வந்த பையன்
வாளியைக் கீழே வைத்துவிட்டு
அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அஸ்தம்பட்டி டாக்டர்
சர்க்கரையைப் பார்ப்பார் என்று போனேன்.
தொடையைப் பிடித்துப் பார்த்தார்,
சந்தையில் ஆட்டைப் பிடிப்பதுபோல.
"நடக்கிறீங்க, சரி. எதையாவது தூக்குறீங்களா?"
பதினெட்டு டன் என்று சொல்ல வாய் வந்தது.
எழுபதில் வழுக்கி விழாமலிருக்க
இப்போதிருந்தே சதை சேர்க்க வேண்டுமாம்,
பி.எஃப். போல.

ஐந்து ரோட்டுப் பக்கம், டயர் கடைக்கு மேலே ஜிம்.
படி இருபத்திரண்டு.
ரெஜினா, அம்மாப்பேட்டைக்காரி, இருபத்தாறு வயது,
மாநில அளவில் பளு தூக்கி
தோள் நழுவி நிறுத்தியவள்.
எனக்கு அவள் எடுத்துத் தந்தது
பிளம்பர் விட்டுப்போன ஒரு பி.வி.சி. பைப்.
எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.
அதைத் தோளில் வைத்து
நாற்காலியில் உட்கார், எழு, உட்கார், எழு.
எட்டாவது முறை தொடை நடுங்கியது,
மாப்பிள்ளை கையில் தாலிபோல.

"இறக்கும்போது மூணு எண்ணுங்க சார்.
தொப்புனு உட்காராதீங்க."

இது எனக்குத் தெரியும், பெண்ணே.
தூக்குவதை எந்த மோட்டாரும் செய்யும்.
இறக்குவதுதான் வேலை.
சுருள் ஆடாமல், தரை அதிராமல்,
கீழே ஒருவன் கை காட்டும் இடத்தில்
பூனை பாத்திரங்களுக்கிடையே கால் வைப்பதுபோல.
எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

செவ்வாய், வெள்ளி.
பழைய லாக் புக் ஒன்று வீட்டில் மிச்சமிருந்தது.
ஷிஃப்டுக்கு முன் நிரப்பும் அதே கட்டங்களில் எழுதினேன்:

கொக்கி: இரண்டு கை. சரி.
பிரேக்: இடது முழங்கால். சத்தம் உண்டு, வலி இல்லை.
கம்பி வடம்: முதுகு. கவனிக்கவும்.
சுமை: ஐந்து கிலோ.

மூன்றாம் வாரம் பத்து கிலோ வேண்டுமென்று அடம்பிடித்து
நான்கு நாள் குளியலறைக் குழாயைப் பிடித்து எழுந்தேன்.
அதையும் எழுதினேன்: ஆபரேட்டர் தவறு.

காசு எங்கே போகிறதென்று பார்க்க
ஒரு வெள்ளிக்கிழமை சாரதாமணி வந்தாள்.
முந்தானையைச் செருகிக்கொண்டு
பன்னிரண்டு கிலோ இரும்புக் குண்டைத் தூக்கினாள், வைத்தாள்.
"இதுக்கா மாசம் எண்ணூறு?"
சிலிண்டர் மாற்றிய கை.
அந்த முப்பத்தோரு வருடமும்
நான் மேலே இருந்தேன்.

"எலும்பு ஸ்கேன் எடுத்தீங்களாம்மா?" என்றாள் ரெஜினா.
எடுத்திருந்தோம்.
அறிக்கை அரிசி டின் மேல் மடித்துக் கிடந்தது,
அதன்மேல் கரண்ட் பில்.
சாரதாமணி பதில் சொல்லவில்லை.
அடுத்த செவ்வாய் அவள் காலிலும் ஷூ,
மகன் விட்டுப்போனது, முன்னால் பஞ்சு அடைத்து.

நேற்று சூரமங்கலத்தில் காதுகுத்து.
மேஜையும் இருந்தது, பாயும் இருந்தது.
பாய்ப் பக்கம் போனேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
முன்னால் விரித்த இலை ஆடவில்லை.
எழும்போது கை ஊன்றினேன்,
ஒரு கை, ஒரு நொடி.
சாரதாமணி பார்க்கவில்லை.
லாக் புக்கில் பொய் எழுதிப் பழக்கமில்லை.

கை ஊன்றல்: ஒன்று.
அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைக்கப்பட்டது.